கிராசிங்கர்ஸ் விடுதி ஏன் மூடியது? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

கோமதி அக்கா (நியூ ஜெர்சி), மாலை 5.40
அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை பிள்ளைகளுடன் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கம் போகிறோம். வழியில் லிபர்ட்டி என்ற சிற்றூர் வருகிறது. கிராசிங்கர்ஸ் என்ற பெயர் பெற்ற உல்லாச விடுதி அதையொட்டித்தான் இருந்தது. நேற்றிரவு அதன் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1950களின் இறுதியில் கட்டிய உள்நீச்சல் குளத்தைச் சுற்றி உயரமான கண்ணாடிச் சுவர், சாய்வு நாற்காலிகள், கரையில் கூட்டம். விடுதி மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த படத்தில் அதே குளம் வற்றிக் கிடக்கிறது. தரையெல்லாம் பாசி படர்ந்து, அதன்மேல் பெரணிச் செடிகள் முளைத்திருக்கின்றன. நாற்காலிகளை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. 2018இல் அந்தக் குளத்தையும் சேர்த்து இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பெரியப்பா (மதுரை), மாலை 5.52
படங்களைப் பார்த்தேன் கோமதி. கட்டடம் பாழாவது கடைசியில் நடப்பது. கணக்குப் புத்தகம் அதற்கு வெகு முன்னரே பாழாகியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: அந்த விடுதி எவ்வளவு பெரியது, யார் நடத்தினார்கள், எப்போது விற்றார்கள்?

கோமதி அக்கா, மாலை 6.15
படித்தவரையில் சொல்கிறேன் பெரியப்பா. செலிக், மால்கா கிராசிங்கர் தம்பதியர் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியப் பகுதியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய யூதர்கள். 1914இல் கேட்ஸ்கில் மலைப்பக்கத்தில் ஒரு பண்ணையை வாங்கினார்கள். நிலம் விளைச்சலுக்கு உதவாததால், நகரத்திலிருந்து காற்று மாற்றத்துக்கு வருகிறவர்களை வீட்டிலேயே தங்கவைக்கத் தொடங்கினார்கள். அம்மா சமையல், அப்பா கடைகண்ணி, மகள் ஜென்னி அறை பெருக்குவதும் படுக்கை விரிப்பதும். அந்த ஜென்னி சிறு வயதிலேயே ஆடைத் தொழிற்கூடத்தில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தவர். அவர்தான் பின்னாளில் அந்த வீட்டை 1,200 ஏக்கரில் 35 கட்டடங்கள் கொண்ட விடுதியாக வளர்த்தார். அதற்கென்று தனி அஞ்சலகமும் விமான ஓடுதளமும் இருந்தன. பனி பொழியாத நாளிலும் சறுக்கு விளையாட்டு நடக்கட்டும் என்று 1952இல் இயந்திரத்தால் செயற்கைப் பனி தூவினார்கள். உலகத்திலேயே அவ்வாறு செய்த முதல் விடுதி இதுதான் என்கிறார்கள். குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ அங்கே பயிற்சி எடுத்தார். பாடகர் எடி ஃபிஷருக்கும் நடிகை டெபி ரெய்னால்ட்ஸுக்கும் 1955இல் திருமணம் நடந்ததும் அங்கேதான். ஜென்னி 1972இல் மறைந்தபோது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்தார் 1985இல் விற்றார்கள். அடுத்த ஆண்டே விடுதி மூடியது.

பெரியப்பா, மாலை 6.24
நான் நினைத்தபடிதான் இருக்கிறது. கட்டியாண்ட அம்மையார் போய் பதின்மூன்று ஆண்டுகளில் சொத்தைக் கைமாற்றியிருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கை இல்லை. நம் பக்கத்திலும் எத்தனையோ பெரிய கடைகளின் கதை இதுதான்.

கோமதி அக்கா, மாலை 6.31
அது முழுக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை பெரியப்பா. ஒரு குடும்பம் சரியாக நடத்தாததால் மூடியதென்றால் பக்கத்து விடுதிகள் தப்பியிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பகுதியில் உச்சகாலத்தில் 500க்கும் மேற்பட்ட விடுதிகள் இருந்தன. சிறியவை 1960களிலேயே மூடத் தொடங்கின. இதைவிடப் பெரியதும் ஒரே நேரத்தில் 3,000 பேர் அமர்ந்து உண்ணும் கூடம் கொண்டதுமான கான்கார்ட் விடுதி 1998இல் மூடியது. ஒரே குடும்பத்தின் பெயரில் 1907 முதல் நடந்துவந்த கட்சர்ஸ் 2013 வரை இழுத்துப் பிடித்து, பிறகு அதுவும் போனது. வேறுவேறு முதலாளிகள், வேறுவேறு நிர்வாகம். முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

கோலாலம்பூர் அத்தை, மாலை 6.40
இங்கே இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணா, கோமதி சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். கோமதி, இவ்வளவு பேர் அந்த ஒரு மலையையே தேடிப் போனது எதனால்? அமெரிக்காவில் வேறு மலையே இல்லையா?

கோமதி அக்கா, மாலை 7.02
அத்தை, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வேறு மலைகள் இருந்தன, நல்ல விடுதிகளும் இருந்தன. ஆனால் யூதர்களுக்கு அங்கே இடம் தரமாட்டார்கள். 1877இல் ஜோசப் செலிக்மன் என்ற பெரும் வங்கியாளர் குடும்பத்துடன் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனபோது, கிராண்ட் யூனியன் விடுதியில் யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரறிந்த செல்வந்தருக்கே அந்த நிலை என்றால், தையல்கூடத்தில் வேலை செய்தவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் தமக்கென்று ஒரு மலையை அமைத்துக்கொண்டார்கள். அங்கே கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சமையல்; இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிச் சமையலறை, தனித்தனிப் பாத்திரம், நம் பாட்டி வீட்டில் பத்துப் பார்த்ததைப்போல. வாடகையிலேயே எல்லா வேளைச் சாப்பாடும் அடக்கம். எதையும் எத்தனை முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். கோடை முழுவதும் கிடைத்த அன்பளிப்புப் பணத்தில்தான் அவர்கள் மருத்துவமும் சட்டமும் படித்தார்கள். மெல் புரூக்ஸ், ஜெர்ரி லூயிஸ், ஜோன் ரிவர்ஸ் போன்ற நகைச்சுவைக் கலைஞர்கள் தேர்ந்ததும் அந்த மலையின் மேடைகளில்தான்.

சரவணன் (சென்னை), மாலை 7.20
அக்கா, நானும் விடுதித் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எல்லா வேளைச் சாப்பாட்டையும் வாடகையில் அடக்கிவிட்டால், அறை நிரம்பும்வரைதான் அது லாபம். ஆள் குறைந்தாலும் சமையலறையின் அடுப்பு, குளத்தின் வெந்நீர், குளிர்காலத்தில் 35 கட்டடங்களுக்கான சூடேற்றம், இவற்றில் எதையும் பாதியாக நிறுத்த முடியாது. அதன்மேல் கான்கார்ட் ஒன்று கட்டினால் இவர்களும் ஒன்று கட்ட வேண்டும். விருந்தினர் கேட்டதற்காகக் கட்டியது பாதி என்றால், எதிரே ஒருவர் கட்டிவிட்டாரே என்று கட்டியது மீதியாக இருக்கும். பெரியப்பா சொல்லும் கணக்குப் புத்தகமும் உண்மைதான்.

பெரியப்பா, மாலை 7.26
நன்றாகச் சொன்னாய் சரவணா. நிலைச்செலவு மிகுந்த தொழிலில் வரவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே கடன் தவணை தவறத் தொடங்கிவிடும். ஆனால் வரவு ஏன் குறைந்தது என்பதைக் கோமதி இன்னும் சொல்லவில்லை.

கோமதி அக்கா, மாலை 7.48
அதைத்தான் சொல்ல வந்தேன் பெரியப்பா. நியூயார்க்கின் வெக்கைக்குப் பயந்து 160 கிலோமீட்டர் பயணம் செய்து மலையேறியவர்களின் வீட்டுச் சன்னலில் அறையைக் குளிரூட்டும் கருவி வந்துவிட்டது. ஜெட் விமானம் வந்து கட்டணமும் மலிந்தபோது, கேட்ஸ்கில்லில் ஒரு வாரம் தங்கும் செலவில் மயாமி கடற்கரைக்கோ ஐரோப்பாவுக்கோ போய்வர முடிந்தது. முன்பு மனைவியும் குழந்தைகளும் கோடை முழுவதும் மலையிலேயே தங்க, கணவர்கள் வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிறு திரும்புவது வழக்கம். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த நீண்ட கோடை முடிந்துபோனது. எல்லாவற்றுக்கும் மேலாக, யூதர்களுக்கு இடமில்லை என்று சொன்ன விடுதிகளின் கதவுகள் திறந்துவிட்டன. தையல்காரரின் மகன் மருத்துவரான பிறகு, தன் பெற்றோர் போன அதே விடுதிக்கு ஏன் போக வேண்டும்? சேர்க்காத இடங்களிலெல்லாம் நுழைந்து பார்ப்பதுதான் அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. கிராசிங்கர்ஸின் வாடிக்கையாளர்கள் விடுதியின்மேல் குறைபட்டுப் போகவில்லை. அவர்கள் முன்னுக்கு வந்ததே அந்த விடுதிக்கு வினையாக முடிந்தது என்பது என் கருத்து.

கோலாலம்பூர் அத்தை, மாலை 7.55
கேட்கவே மனத்துக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. சரி, விற்றவர்கள் விற்றார்கள், வாங்கியவர் ஏன் நடத்தவில்லை?

கோமதி அக்கா, மாலை 8.10
புதுப்பித்துத் திறப்பதாகச் சொல்லித்தான் ஒரு விடுதி நிறுவனம் வாங்கியது அத்தை. சில கட்டடங்களை இடித்தார்கள். அதற்குமேல் வேலை நகரவில்லை. பிறகு வந்த உரிமையாளர்களும் திட்டம் போட்டதோடு சரி. விடுதி மூடிய பிறகும் அதன் கோல்ஃப் மைதானம் மட்டும் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. மிஞ்சி நின்ற ஒரு கட்டடமும் 2022 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்துபோனது.

பெரியப்பா, மாலை 8.16
திட்டம் போட்டுக் காத்திருந்தார்கள் என்றால் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். யாரும் சும்மா 1,200 ஏக்கரைக் கட்டிப்போட்டு வைக்கமாட்டார்கள்.

கோமதி அக்கா, மாலை 8.29
சரியான இடத்தில் பிடித்தீர்கள் பெரியப்பா. அந்த வட்டாரமே சூதாட்டக்கூட உரிமத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்து மாநிலமான எங்கள் நியூ ஜெர்சியில், அட்லாண்டிக் சிட்டியில், முதல் சூதாட்டக்கூடம் 1978இலேயே திறந்து, மலைக்குப் போகவேண்டிய கூட்டத்தையும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலமோ 2013இல்தான் வாக்கெடுப்பு நடத்தி அரசமைப்பைத் திருத்தியது. அதற்குள் பெரும்பாலான கட்டடங்கள் காக்க முடியாத அளவுக்குப் பாழாகிவிட்டன. கான்கார்ட் இருந்த நிலத்தில் 2018இல் ஒரு பெரிய சூதாட்ட விடுதி திறந்தார்கள். அத்தை, அதன் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: ரிசார்ட்ஸ் வேர்ல்டு கேட்ஸ்கில்ஸ்.

கோலாலம்பூர் அத்தை, மாலை 8.33
எங்கள் மலேசியாவின் கெந்திங் மலையில் சூதாட்ட விடுதி நடத்தும் அதே ஆட்களா! இங்கே மேகத்துக்குள் விடுதி கட்டியது போதாதென்று அங்கேயும் போய்விட்டார்களா? அப்படியானால் மலை பிழைத்துக்கொண்டது என்று சொல்.

சரவணன், மாலை 8.41
அத்தை, சூதாட்டக்கூடத்துக்கு வருகிறவர் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய், பணத்தை விட்டுவிட்டு, அதே காரில் திரும்பிவிடுவார். ஊர்க் கடைக்கும் பால்காரருக்கும் அவரால் பெரிய பயன் இல்லை. பழைய விடுதிக்கு வந்தவர் வாரக்கணக்கில் தங்கினார்.

பெரியப்பா, மாலை 8.50
கோமதி, உன் வாதத்தில் ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒதுக்கப்பட்டதால் வந்தார்கள், ஒதுக்கல் நின்றதும் நின்றுவிட்டார்கள் என்கிறாய். யூதர் அனைவரும் அவ்வாறு மாறிவிட்டார்களா? கோஷர் சமையல் இல்லாமல் வெளியூரில் தங்கவே முடியாத ஆசாரக்காரர்கள் இன்றும் இருப்பார்களே, அவர்கள் எங்கே போகிறார்கள்?

கோமதி அக்கா, மாலை 9.08
அவர்கள் இன்றும் கேட்ஸ்கில்லுக்குத்தான் வருகிறார்கள் பெரியப்பா. நியூயார்க் நகரின் புரூக்ளினிலிருந்து ஹசிடிக் என்ற ஆசாரமான யூதப் பிரிவினர் ஆயிரக்கணக்கில் கோடை முழுவதும் அந்த மலையில் தங்குகிறார்கள். பழைய சிறு குடில் வளாகங்களும் மூடிக்கிடந்த விடுதிகளும் அவர்களுடைய கோடைக் குடியிருப்புகளாகவும் சிறுவர் முகாம்களாகவும் மாறிவிட்டன. சூலை மாதத்தில் அங்கே மளிகைக் கடைக்குள் நுழையவே வரிசையில் நிற்க வேண்டும். தேவை மாறாதவர்களுக்கு அந்த மலை இன்னும் தேவையாகத்தான் இருக்கிறது.

பெரியப்பா, மாலை 9.13
அப்படியென்றால் கூட்டம் இருந்திருக்கிறதே! அவர்களை வைத்தே கிராசிங்கர்ஸை நடத்தியிருக்கலாமே.

கோமதி அக்கா, மாலை 9.22
நடத்தியிருக்க முடியாது பெரியப்பா. ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் நீந்துவதையும், இரவு மேடையில் கிண்டல் பேச்சையும் நடனத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. எட்டு, பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குத் தானே சமைத்துக்கொள்ளச் சமையலறையுடன் ஒரு குடில் போதும். 1,200 ஏக்கர் கோல்ஃப் விடுதிக்கு அவர்கள் வாடகை கொடுக்கமாட்டார்கள்.

பெரியப்பா, மாலை 9.27
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீச்சல் குளத்துக்கு யார் எத்தனை சதவீத வட்டியில் கடன் கொடுத்தார் என்று தெரியும்வரை என் கட்சியை நான் விடப்போவதில்லை.

கோமதி அக்கா, மாலை 9.35
விடவேண்டாம் பெரியப்பா. பக்கத்தில் எல்லன்வில் என்ற ஊரில் இந்த விடுதிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வந்திருக்கிறது. பழைய வங்கிக் கட்டடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொருத்தமான இடம். சனிக்கிழமை முதலில் அங்கே போய், திறந்திருந்தால் உணவுப் பட்டியல், விலைப் பட்டியல் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்புகிறேன்.

கோலாலம்பூர் அத்தை, மாலை 9.38
எனக்கு அந்தச் சூதாட்டக்கூடத்தின் வாசலைப் படமெடுத்து அனுப்பினால் போதும். உள்ளே போகாதே.