விலை குறைந்த டெஸ்க்டாப் ஸ்பீக்கர்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அனுபவம் எது?

ஒலிப்பித்தன்
பெட்டி மேல் 2000 வாட் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்குமே, அந்த மாதிரி 2.1 செட், அதாவது இரண்டு சின்ன ஸ்பீக்கர், கூடவே பேஸுக்கு ஒரு வூஃபர். பின்பக்க லேபிளைப் பார்த்தால் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய நிஜ சக்தி, 20 வாட். சரி, அதுகூடப் பரவாயில்லை. பாட்டைப் போட்டதும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் ஒரே 'தும்' தான், குரல் அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது. நண்பர் தன்னுடைய பழைய ஜோடி ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டார், வூஃபர் கிடையாது, வெறும் 3 அங்குலக் கோன். சரணம் எடுப்பதற்கு முன் பாடகி மூச்சு இழுத்தது கேட்டது! முதல் செட்டில் அந்த மூச்சே இல்லை. அன்றிலிருந்து யாராவது வாட் கணக்கு பேசினால் எரிச்சல் வருகிறது.

இரவுவாசகன்
எனக்கு உறுத்துவது இரைச்சல். லேப்டாப்பில் மாட்டினால் 'ம்ம்ம்' என்று விடாமல் ஒரு ரீங்காரம், மவுஸை நகர்த்தினால் கூடவே கிரீச்சிடும். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் வைக்கும்போது தற்செயலாக சார்ஜரைப் பிடுங்கினேன், சட்டென்று அடங்கிவிட்டது. கிரவுண்ட் லூப்! எர்த் இணைப்புகள் ஆடியோ வயர் வழியே வளையமாகி இரைச்சல் கொடுப்பது. ஸ்பீக்கர் மேல் குற்றமே இல்லை. ஆடியோ வயரின் நடுவே அந்த வளையத்தை அறுக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டதும் தீர்ந்தது. எர்த் பின்னை எடுத்துவிடு என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

கோடைமழை
ஒலிப்பித்தன் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. 2.1 என்றாலே மோசம் இல்லை, கீழ்ச்சுருதியை வூஃபருக்கும் மீதியைப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் இடம்தான் மோசம். பக்கத்து ஸ்பீக்கர்கள் 2 அங்குலம் என்றால் அவற்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக இறங்க முடியாது, மீதி எல்லாம் வூஃபர் தலையில். ஆண் பேச்சுக்குரலின் அடிச்சுருதியே ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரைதான். என் செட்டில் செய்தி வாசிப்பவரின் பாதிக் குரல் முழங்காலுக்குக் கீழிருந்து வந்தது, அதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. 80 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரித்திருந்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்திருக்காது.

அப்புறம், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரியாக வையுங்கள். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் எந்த ஸ்பீக்கரும் மந்தமாகத்தான் கேட்கும். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரவேண்டும், அடியில் தடித்த புத்தகம் கொடுத்தாலும் போதும், இல்லையென்றால் முன்பக்கத்தை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதே தூரத்தில் உங்கள் தலை. சுவரோடு, அதிலும் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போகும், ஒரு சாண் முன்னால் இழுத்தாலே குரல் தெளியும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடும், கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு 10 நிஜ வாட் தாராளம். பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை என்று போட்டு, பக்கத்தில் கூட்டல் கழித்தல் எத்தனை டெசிபெல் (அதற்குள் சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும்) என்று போடவில்லையென்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

நூல்வேலி
புத்தகம் அடுக்கியெல்லாம் எல்லாம் சரியாகிவிடாது. என்னுடையது யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுக்கும் ஜோடி. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக மொத்தம் இரண்டரை வாட், அதையும் இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டும். மெதுவாக வைத்தால் அருமை. டிரம்ஸ் ஏறும் இடத்தில் குரல் கிழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

கத்தரிக்கோல்
ப்ளூடூத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வீடியோ எடிட் செய்கிறேன்; ப்ளூடூத்தில் கேட்டால் கதவு சாத்திய பிறகுதான் 'டப்' வருகிறது. சத்தத்தை முன்னால் தள்ளிச் சரிசெய்து கொடுத்தேன், பார்த்தவர் கதவு மூடும் முன்பே சத்தம் வருகிறது என்றார். தாமதம் ப்ளூடூத்தில்தான், வீடியோவில் இல்லை. அதே ஸ்பீக்கரில் 3.5 மி.மீ. வயரைக் குத்தியதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. படம் பார்க்கும்போது பிளேயரே தாமதத்தை ஈடுகட்டிவிடும், அதனால் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. எடிட்டிங், கேம் என்றால் வயர் போடும் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.