நின்ற இடத்திலிருந்து கிளப்புவது: பவர் அதிகமான கார்களில் முதல் 4 விநாடி

(கார் ரேஸ் வீடியோ கேம் ஆடுபவர்களின் உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பின்சக்கரம்:

600, 700 குதிரைத்திறன் உள்ள பின்சக்கர இயக்கக் கார்களில் எல்லோரும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். கவுண்ட்டவுன் ஓடும்போதே ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தி வைப்பது. பச்சை விழுந்ததும் பின் டயர் புகைகிறது, கார் நகரவில்லை, பக்கத்தில் நின்ற 300 குதிரைத்திறன் கார் தாண்டிப் போய்விடுகிறது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 கிலோ கார், எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 2.6 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், டயரின் பிடிப்பு 1.1, அதாவது தன் மேலுள்ள பாரத்தைப்போல் 1.1 மடங்கு விசை தாங்கும். கிளம்பும்போது சுமார் 200 கிலோ பாரம் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு மாறும். அதையும் சேர்த்தால் டயர் தாங்கும் அதிகபட்ச முடுக்கம் 0.7 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). அதாவது 100 கி.மீ. வேகத்துக்கு 4 விநாடி. இதற்கு, 100 கி.மீ. வேகத்தில்கூட, சக்கரத்துக்கு வந்து சேர வேண்டியது ஏறக்குறைய 385 குதிரைத்திறன்தான். அதுக்கு மேல் இருப்பது அதுவரை எதற்கும் உதவாது. காருக்கு எவ்வளவு பவர் ஏற்றுகிறீர்களோ, அவ்வளவு அதிகமாக விரலில் பிடித்து வைக்க வேண்டும்.

போர்ஷே 911 மாதிரி இன்ஜின் பின் அச்சையும் தாண்டி உட்கார்ந்திருக்கும் காரில் 60 சதவீத எடை பின்னால் என்று வைத்தால், இதே கணக்கு 0.84 ஜி காட்டும். நேர்க்கோட்டில் அது நன்றாகக் கிளம்புவதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

கியர் மூணு:

மேலே சொன்ன காரையே எடுத்துக்கிறேன். இன்ஜின் டார்க் (முறுக்குவிசை) 700 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.0, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்குப் பிறகு வரும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 3.5, டயர் ஆரம் 33 செ.மீ. தரையில் வரும் தள்ளுவிசை 22,000 நியூட்டனுக்கு மேல். டயர் தாங்குவது 10,300. முதல் கியரில் டார்க்கில் பாதிகூடப் போடக் கூடாது, 46 சதவீதம்தான். இரண்டாவது கியர் 2.0 என்றால் 69 சதவீதம். மூன்றாவது 1.5 என்றால்கூட 92. மூன்றாம் கியரிலும் அடிவரை அழுத்த முடியாது என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள்!

டயர் உச்சப் பிடிப்பு தருவது சக்கர வேகம் கார் வேகத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருக்கும்போது. கார் 20 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் சக்கரம் 22, 23-இல் சுழல வேண்டும். இதே காரை 4000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கிளட்சைப் பட்டென்று விட்டால் சக்கரம் 47 கி.மீ. வேகத்துக்குத் தாவும், கார் சுழியத்தில் நிற்கும். ஒரு தடவை பிடிப்பில்லாமல் சுழல ஆரம்பித்த டயர் தானாகப் பிடிக்காது. ஆக்சிலரேட்டரை 20 சதவீதத்துக்குக் குறைத்து, பிடித்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். பாதி குறைத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

கன்ட்ரோலரில் செய்ய வேண்டியது: கவுண்ட்டவுனில் 3000 ஆர்பிஎம் பக்கம் பிடித்து வையுங்கள். கிளம்பிய நொடியில் ட்ரிக்கர் (ஆக்சிலரேட்டராக வேலை செய்யும் விரல் விசை) மூன்றில் ஒரு பங்கு. 30 கி.மீ. தாண்டியதும் மெல்லப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை. ரெட்லைன் (இன்ஜினின் உச்ச ஆர்பிஎம்) வரை முதல் கியரை இழுக்காமல் 60, 65 கி.மீ. வேகத்திலேயே இரண்டுக்கு மாற்றுங்கள். அங்கிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஏற்றலாம். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். ஆர்பிஎம் முள் ஸ்பீடோமீட்டரைவிட வேகமாக ஏறினால் அது சுழற்சிதான், டயர் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கிரான் டூரிஸ்மோ 7 கேமில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பிடிப்பில்லாமல் சுழலும் சக்கரத்தை அடக்கும் உதவி) 0 முதல் 5 வரை. ஓடும்போதே மாற்றலாம் என்பதால் 3-இல் கிளம்பி, மூன்றாம் கியர் போனதும் 1-க்கோ 0-க்கோ இறக்குவது நல்ல வழி. அது சக்கரம் சுழன்ற பிறகுதான் பவரை வெட்டும். பழகிய விரலைவிட மெதுவு, பழகாத விரலைவிட வேகம்.

டர்போ ரசிகன்:

அண்ணா, ஃபெராரி எஃப்40-க்கு இந்த அளவு ஒத்து வராதே? பாதி ட்ரிக்கரில் முதலில் ஒன்றுமே நடக்காது, அப்புறம் மொத்தமாக வந்து விழும்.

கியர் மூணு:

சரியாகக் கேட்டீங்க தம்பி. 2.9 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 478 குதிரைத்திறன். கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாததால் விரல் தானாக ஆழமாகப் போகும். அதே இடத்தில் வைத்திருக்கும்போது பூஸ்ட் ஏறினால் டார்க் எகிறி, டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடி விடும். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிக்கரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், டர்போ இல்லாத காருக்கு நேர் எதிர். இரண்டாம் கியர் போட்டதும் பூஸ்ட் ஒரு கணம் விழுந்து திரும்பி வரும். பெரும்பாலும் வால் வீசுவது அங்கேதான்.

நாலு சக்கரம்:

நிஸான் ஜிடி-ஆர் ஆர்35, புகாட்டி வேரான் மாதிரி நான்கு சக்கர இயக்கத்தில் பிரச்சினையே வேறு. முழு எடையும் இழுக்கும் சக்கரங்களில் இருப்பதால் 1.1 ஜி வரை போகலாம், 100 கி.மீ. வேகத்துக்குக் கணக்குப்படி 2.6 விநாடி. இங்கே பயந்து 2500 ஆர்பிஎம்மில் விட்டால் டயர் உடனே பிடித்துக்கொள்ளும், இன்ஜின் மூச்சு திணறி ஆர்பிஎம் 1500-க்கு விழுந்துவிடும். உச்ச டார்க் தொடங்கும் ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, முழு ஆக்சிலரேட்டரில் விடுங்கள். லேசாக நான்கு டயரும் கீச்சிட்டால் சரி.

லைட்ஸ் அவுட்:

எஃப்1 23 கேமில் ரேஸ் ஸ்டார்ட்டை மேனுவலில் வைத்தால் கிளட்ச் பட்டனைப் பிடித்தபடி ஆர்பிஎம்மைத் திரை காட்டும் அளவில் நிறுத்த வேண்டும். ஐந்து சிவப்பு விளக்கும் எரிந்து, எல்லாம் அணையும்போது கிளட்சை விட வேண்டும். ஐந்தாவது விளக்குக்கும் அணைவதற்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் எண்ணி விடாதீர்கள். அசல் எஃப்1-இல் லான்ச் கன்ட்ரோல் (கிளம்புவதைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் அமைப்பு) 2004-லும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2008-லும் தடை செய்யப்பட்டன. கேமில் இந்த உதவிகளை அணைத்துவிட்டு ஓட்டினால் அந்த ஓட்டுநர்கள் சந்திக்கும் சிக்கலையேதான் நீங்களும் சந்திக்கிறீர்கள்.

பின்சக்கரம்:

செட்டிங் பற்றி ஒன்று. ஃபைனல் டிரைவை உயரமாக, அதாவது குறைந்த எண்ணில், வைத்தால் முதல் கியர் நீண்டு விரலுக்கு இடம் கிடைக்கும். எல்எஸ்டி-யில் (இரண்டு பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) ஆக்சிலரேஷன் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து தள்ளும். ரொம்பக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே பிடி விட்டு, கார் குறுக்கே திரும்பும். பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் எடை பின்னுக்குச் சாய்வது படிப்படியாக வரும், டயர் திடுக்கிடாது. ஆனால் வளைவுகள் உள்ள தடத்தில் முதல் 4 விநாடிக்காக மீதி லாப் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முதலில் தொடுவது கியரைத்தான். ஒரு படி மென்மையான டயர் போட விதி அனுமதித்தால் அது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தரும்.

மழைத்தடம்:

ஈரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிடிப்பு 0.7 என்றால் அதே கார் 0.4 ஜி, 100 கி.மீ. வேகத்துக்கு 7 விநாடி. முதல் கியரில் டார்க்கில் 27 சதவீதம்தான் தாங்கும், ட்ரிக்கரில் அது ஒரு மில்லிமீட்டர் முன்பின் விவகாரம். உருள ஆரம்பித்ததுமே இரண்டுக்கு மாற்றிவிட்டால் 40 சதவீதம் வரை போகலாம். தட ஓரத்தில் இருக்கும் கெர்ப் வண்ணப் பட்டை, வெள்ளைக் கோடு இரண்டிலும் பின் சக்கரம் ஏறாமல் கிரிட்டிலிருந்து (கார்கள் கிளம்ப வரிசையாக நிற்கும் இடம்) வெளியே வாருங்கள்.