எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது தவறா?

நிழல்தேடி:
சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். 17ஆம் மரத்தைச் சுற்றி ஒன்பது பேர் கைகோத்து உட்கார்ந்தோம். மதியம் வரை யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் போலீஸ் வந்து வண்டியில் ஏற்றியது. "இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். ஏழு பேர் எழுதிக் கொடுத்தோம். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள்.

மாலையில் பஸ் அந்த வழியாகத்தான் போனது. அடிமரத்தின் வெட்டுவாய் இன்னும் ஈரமாக மின்னியது. பக்கத்தில் கிடந்த துண்டில் 17 தலைகீழாகத் தெரிந்தது. இரவு தூக்கமே இல்லை.

சட்டத்தை மீறுவதென்று இறங்கினால் சிறைக்கும் போகத்தான் வேண்டுமா? நான் உட்கார்ந்த அரை நாள் வீண்தானா?

ஆற்றங்கரை:
வீண் இல்லை. முகத்தை மறைக்காமல், பெயரைச் சொல்லி உட்கார்ந்தீர்கள். என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிது.

உங்களிடம் நீட்டிய மாதிரித் தாளை ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவிலும் நீட்டினார்கள். பிராங்க்ளின் ஆற்றில் அணை கட்டுவதைத் தடுக்க 1982 டிசம்பரில் மறியல் தொடங்கியது. ரப்பர் படகுகளில் போய் ஆற்றை மறித்தார்கள். 1,200 பேருக்கு மேல் கைது. திரும்பி வரமாட்டேன் என்ற நிபந்தனையை ஏற்றால் ஜாமீன். நூற்றுக்கணக்கானோர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். போராட்டத்தை முன்நின்று நடத்திய பாப் பிரவுன் 19 நாள் உள்ளே இருந்தார், வெளியே வந்ததும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார்.

ஆனால் அணையை நிறுத்தியது மறியல் மட்டும் இல்லை. மறியல் நாட்களை வாங்கிக் கொடுத்தது. 1983 மார்ச்சில் அணையை எதிர்த்த கட்சி நாட்டின் ஆட்சிக்கு வந்தது. ஜூலை 1 அன்று அந்த நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த அரை நாளில் தடையாணை கேட்டு யாராவது நீதிமன்றத்துக்குப் போனார்களா?

மின்மினி:
நீதிமன்றத்தையே நம்பி இருக்க முடியாது. 1974 மார்ச் 26, இமயமலையில் ரேணி கிராமம். ஆண்களை இழப்பீடு தருவதாக வெளியூருக்கு வரவழைத்துவிட்டு மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் போனார்கள். ஒரு சிறுமி பார்த்து ஓடி வந்து சொன்னாள். அந்த ஊர் கௌரா தேவி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மறித்தார், இரவெல்லாம் காவல் இருந்தார்கள். மரங்கள் பிழைத்தன. அங்கே காப்பாற்றியது உடனே போய் நின்றதுதான். உங்கள் தெருவில் ஓடி வந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? முதலில் அதை ஏற்பாடு செய்யுங்கள்.

நிழல்தேடி:
நீதிமன்றத்தைப் பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. 18 முதல் 43 வரை இன்னும் நிற்கின்றன. எழுதிக் கொடுத்த ஏழு பேரும் இன்று கூடினோம். உள்ளே இருக்கும் இருவருக்கு வக்கீல் பார்த்தாயிற்று, அவரே தடையாணை மனுவும் எழுதுகிறார். மரத்தடிக்கு வரப் புதிதாகப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் அங்கே போக முடியாது. அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது நாளை முதல் என் வேலை.