புதுப்பிப்பு: தம்பியின் பம்பிங் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

தம்பிக்கு இதயத் தசை விரிந்து பலவீனமாகும் டைலேட்டட் கார்டியோமயோபதி என்றும், எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 25 சதவீதம்தான் என்றும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது 52. கால் வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். பிரிட்டனில் நடந்த டிரெட்-எச்எஃப் ஆய்வைப் படித்தபின் எனக்கும் காரணம் விளங்கியது. தம்பி மாதிரியே தேறியிருந்த 51 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் காலத்தில் திரும்பவில்லை. தயவுசெய்து யாரும் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

பீட்டா பிளாக்கர், சகுபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரனோலாக்டோன், டபாக்ளிஃப்ளோசின் என்று தம்பியின் இதய மருந்துகள் நான்கும் தொடர்கின்றன. இவற்றில் சிலவற்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இந்த நோய் குடும்பவழியாகவும் வரலாம் என்று கூடப்பிறந்தவர்களுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். எனக்கு நார்மல். அக்காவுக்கு அடுத்த வாரம்.