மீன்பிடிக் கண்காட்சிகளில் வந்த புது ரீல், ராடு: எது நிஜமாகவே புதுசு? விவர அட்டையை எப்படிப் படிப்பது?

அலைவாய்க்கரை (கேள்வி)

வணக்கம். ஆர்லாண்டோவில் ஜூலையில் நடக்கும் ஐகாஸ்ட், ஆண்டுத் தொடக்கத்தில் யோகோஹாமாவில் நடக்கும் ஜப்பான் ஃபிஷிங் ஷோ, இரண்டின் காணொளிகளையும் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. மோனோகாக், ஏர்டிரைவ், இன்ஃபினிட்டி லூப், ஐபிஎக்ஸ்8, டி1100ஜி, எம்40எக்ஸ் என்று அடுக்குகிறார்கள். எனக்கு வேண்டியது இரண்டு செட். ஒன்று, கரையிலிருந்து 30 முதல் 60 கிராம் லூர் (செயற்கை இரை) வீசிப் பாரையும் சீலாவும் பிடிக்க. இன்னொன்று, படகில் 150 முதல் 250 கிராம் ஜிக் (ஆழத்தில் இறக்கி ஆட்டும் உலோக இரை) போட. இந்தப் பெயர்களில் எதற்குக் காசு கொடுக்கலாம், எது வெறும் விளம்பரம்? அட்டையில் போட்டிருக்கும் எண்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஸ்பூல்சித்தன்

முதலில் ஒரு விஷயம். ஐகாஸ்ட் வணிகர்களுக்கான கண்காட்சி, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அங்கே தரும் விருதுகளுக்கு ஓட்டுப் போடுவது கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும். அவர்கள் கையில் எடுத்துச் சுற்றிப் பார்ப்பது உப்புத்தண்ணீரே படாத, நரம்பு (தூண்டில் கயிறு) பெரும்பாலும் சுற்றாத ரீல். ‘இந்த வருட விருது’ என்ற ஸ்டிக்கருக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

இனி பெயர்கள். ஒவ்வொன்றும் எந்தப் பாகத்தைத் தொடுகிறது என்று கேட்டாலே பாதி தெளிவாகிவிடும்.

மோனோகாக் (தைவா): உடம்பைப் பற்றியது. பழைய பாணியில் பக்க மூடியைப் பிடிக்கச் சுற்றிலும் திருகுகள் இருக்கும், அந்தத் திருகுகள் உள்ளே இடத்தைத் தின்னும். இதில் மூடியே பெரிய மரையாகத் திருகி உட்காருகிறது. மிச்சமாகும் இடத்தில் பெரிய டிரைவ் கியர் போடலாம். ஜிக் போடுகிறவருக்கு இது நிஜமான லாபம். சிரமம் ஒன்று: மூடியைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும், சமையலறை ஸ்க்ரூடிரைவர் உதவாது.

ஏர்டிரைவ் (இதுவும் தைவா): 2022 எக்ஸிஸ்ட் ரீலில் வந்தது. ரோட்டர் (சுழலும் தலை), பெய்ல் (நரம்பைப் பிடிக்கும் கம்பி), ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை), ஷாஃப்ட் (நடுத்தண்டு) எல்லாவற்றையும் இளைக்க வைத்த வடிவமைப்பு. சுற்றத் தொடங்குவதும் நிறுத்துவதும் லேசாகும். சின்ன லூருக்கு அருமை. 200 கிராம் ஜிக்குக்கு இதற்காகக் கூடுதல் காசு வேண்டாம்.

இன்ஃபினிட்டி லூப் (ஷிமானோ): 2022 ஸ்டெல்லா ரீலில் வந்தது. ஸ்பூல் மிக மெதுவாக ஏறி இறங்குவதால் நரம்பு நெருக்கமாக, கிட்டத்தட்ட இணையாகப் படிகிறது. வீசும்போது உராய்வு குறைகிறது. ஆனால் தளர்வாகச் சுற்றினால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதையும். பாப்பர், ஸ்டிக்பெய்ட் போன்ற லூர்களை ஆட்டும்போது தளர்ந்த நரம்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தளர்ந்த நரம்பு, அது ஓடும் ரோலருக்குக் கீழே நழுவாமலிருக்க அதே ரீலில் ஆன்டி ட்விஸ்ட் ஃபின் என்று ஒரு சின்னத் தடுப்பும் வைத்தார்கள்.

இன்ஃபினிட்டி டிரைவ் வேறு சங்கதி, பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழம்ப வேண்டாம். முன்பு மெயின் ஷாஃப்ட் பினியனுக்குள் (சின்னப் பல்சக்கரம்) உரசிக்கொண்டே ஏறி இறங்கும். இதில் தனி புஷ்ஷிங் (தாங்கி வளையம்) தாங்குகிறது. சுமையோடு சுற்றும்போது கைக்குத் தெரியும். படகு செட்டுக்கு நான் காசு கொடுப்பது இதற்கும் பெரிய கியருக்கும்தான்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது எடையும் அல்ல, பேரிங் எண்ணிக்கையும் அல்ல. உடம்பின் அளவு. ஷிமானோவில் சி5000 என்றால் 4000 உடம்பில் 5000 ஸ்பூல், சி3000 என்றால் 2500 உடம்பில் 3000 ஸ்பூல். கியர் சின்ன உடம்பினுடையது, எண் மட்டும் பெரியது. தைவாவில் எல்டி5000டி-சிஎக்ஸ்எச் என்றிருந்தால் ‘டி’ ஆழ ஸ்பூல், ‘சி’ சுருக்கிய உடம்பு, ‘எக்ஸ்எச்’ மிக வேகமான கியர். தைவா 2018ல் எல்டி அளவுமுறைக்கு மாறியதால் பழைய 4000மும் எல்டி4000மும் ஒரே பருமன் கிடையாது. பழைய ரீலின் எண்ணை வைத்துப் புதிதை வாங்கினால் கையில் வருவது பொடிசாக இருக்கும்.

அடுத்தது கியர் விகிதம். ஸ்பூலில் நரம்பு நிறைந்த நிலையில் விட்டம் 60 மிமீ, விகிதம் 6.2 என்றால் ஒரு சுற்றுக்கு 60 × 3.14 × 6.2, அதாவது சுமார் 1.17 மீட்டர். 4.9 என்றால் 92 செமீ. வேகத்துக்கு விலை உண்டு. 65 மிமீ ஹேண்டிலில், நரம்பில் 5 கிலோ இழுவை இருந்தால், உராய்வைச் சேர்க்காமலே 6.2க்குக் கை தரவேண்டிய விசை 14 கிலோவுக்கு மேல். 4.9க்கு 11 கிலோ சொச்சம். அதனால் கரையிலிருந்து வீச எக்ஸ்ஜி (மிக வேகமான கியர்), ஆழத்தில் ஜிக் போட பிஜி (மெதுவான கியர்) அல்லது எச்ஜி (இடைப்பட்டது). எக்ஸ்ஜியில் ஜிக் போட்டே தீருவேன் என்றால் ஹேண்டிலை நீளமாக்கணும், மீனை ராடால் தூக்கி, ராடை இறக்கும்போது மட்டும் சுற்றணும்.

நீலத்தூண்டில்

ரீலைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் ராடுக்கு வருகிறேன், ஏமாறுகிற இடமே அதுதான். கண்காட்சியிலும் கடையிலும் எல்லோரும் செய்வது ராடை எடுத்துச் சும்மா ஆட்டிப் பார்ப்பது. அதில் தெரிவது நுனி எவ்வளவு சீக்கிரம் அசைவை நிறுத்துகிறது என்பது மட்டும். சுமை ஏறினால் நடுப்பகுதியும் அடிப்பகுதியும் எப்படி வளைகின்றன என்பது தெரியவே தெரியாது. நரம்பைக் கோத்து, ஒருவரை நுனியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கச்சொல்லி, 2, 3 கிலோ மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் வளைவு பேசும். கடைக்காரர் அனுமதியோடு!

டி1100ஜி, எம்40எக்ஸ் இரண்டும் ஜப்பானின் டோரே நிறுவனம் செய்யும் கார்பன் இழைகள். டி1100ஜியின் விறைப்பு 324 கிகாபாஸ்கல், எம்40எக்ஸ் 377. கடைப் பேச்சில் ‘33 டன்’, ‘40 டன்’ என்று சொல்வது இதையேதான், அலகு மட்டும் வேறு. டன் கூடினால் அதே விறைப்புக்குக் குறைந்த பொருள் போதும், ராடு எடை குறையும். ஆனால் இழை அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பதும் பார்க்கணும். சாதாரண டி700 சுமார் 2.1 சதவீதம் நீளும், பழைய எம்40ஜே 1.2, எம்40எக்ஸ் சுமார் 1.5. எம்40எக்ஸின் பெருமையே அந்தக் கூடுதல் 0.3தான். விறைப்பு அதே, பொறுமை கொஞ்சம் அதிகம். டி700க்கு அது இன்னும் ஈடில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று. பெயர் போட்ட இழை ராடு முழுக்க இருக்கும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. அடியில் கொஞ்சம் இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம்.

அட்டையில் பார்க்க வேண்டியது மூன்று: லூர் எடை, பிஇ உச்சம் (பிஇ என்பது பின்னல் நரம்பின் தடிமன் எண்), டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் தடை) எத்தனை கிலோ எந்தக் கோணத்தில். மூன்றாவதை நல்ல ஆழ்கடல் ராடுகளில் ‘45 டிகிரியில் இவ்வளவு’ என்று போடுவார்கள். கோணம் ஏறினால் சுமை முழுக்க நுனிக்குப் போகும். படகு ஓரம் மீன் வந்ததும் ராடை வானத்துக்குத் தூக்குவதுதான் ராடு உடைவதற்கு முதல் காரணம். அடுத்தது, ஜிக் ஆடி வந்து பிளாங்க்கில் (ராடின் தண்டு) மோதுவது. மேலே சின்ன வெள்ளைப் புள்ளிதான் தெரியும், இழை உள்ளே நொறுங்கியிருக்கும், பத்து நாள் கழித்து அந்த இடத்தில்தான் ஒடியும். மூன்றாவது, இரண்டு துண்டு ராடின் இணைப்பு வீசி வீசித் தளர்வது. 20, 30 வீச்சுக்கு ஒருமுறை முறுக்கி இறுக்குங்கள்.

கைடு (ராடில் நரம்பு ஓடும் வளையம்): உள்வளையத்தின் பொருள் எஸ்ஐசியா, டோர்சைட்டா என்று விவாதிப்பதற்கு முன் ஃபிரேம் என்ன உலோகம் என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்புக்காற்றில் ஓரத்தில் துரு வரும், டைட்டானியத்தில் வராது. கரையிலிருந்து வீச ஃபூஜி கே வகை நல்லது. ஃபிரேம் முன்பக்கம் சாய்ந்திருப்பதால் சிக்கிய நரம்பு தானே வழுக்கி விலகும். நுனி கைடில் உங்கள் லீடர் (நரம்பின் முனையில் கட்டும் தடித்த துண்டு) முடிச்சு தடையில்லாமல் போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நரம்பையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு 60 பவுண்டு லீடரோடு சின்ன வளையத்தில் ‘டிக்’ என்று தட்டினால், அந்த ராடில் வீச்சு தூரம் போகாது.

அலைவாய்க்கரை

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஐபிஎக்ஸ்8 போட்ட ரீல் என்றால் தண்ணீரில் முக்கினாலும் பயமில்லைதானே? மேக்சீல்டு அதைவிட மேலா?

உப்புக்காற்று

தம்பி, அந்த எண்ணை மேலே மேலே ஏறும் மதிப்பெண் போலப் படிக்கக்கூடாது. ஐபிஎக்ஸ்5, 6 என்பவை பீய்ச்சும் தண்ணீருக்கான சோதனை: 5க்கு நிமிடத்துக்கு 12.5 லிட்டர், 6க்கு 100 லிட்டர். 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்குவது. 8 அதைவிடக் கடுமையாக முக்குவது, ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் சொல்வது. முக்கினால் தாங்குவது பீய்ச்சினால் தாங்கும் என்று அர்த்தமில்லை. அலை முகத்தில் அடிக்கும் பாறையில் நிற்கிறவருக்கு 6ம் முக்கியம். எல்லாச் சோதனையும் புது ரப்பர் சீலோடு, நல்ல தண்ணீரில். உப்பு காய்ந்து பொடிக்கல்லாகி சீல் உதட்டை அறுப்பது எந்த எண்ணிலும் வராது.

மேக்சீல்டு ரப்பரே இல்லாத முறை. காந்தத்துக்கு இடையில் காந்த எண்ணெய் நின்று இடுக்கை அடைக்கிறது. உரசும் ரப்பர் இல்லாததால் சுற்று லேசு. அங்கே நாம் எண்ணெய் விட்டால் போச்சு, காந்த எண்ணெய் கலங்கிவிடும். லைன் ரோலரிலும் மேக்சீல்டு இருந்தால் அதற்கும் இதேதான். பலர் பழக்கதோஷத்தில் ஒரு சொட்டு விடுவார்கள், பிறகு ‘ரோலர் கரகர என்கிறது’ என்று இங்கே வந்து கேட்பார்கள்.

கழுவும் முறை: டிராக்கை முழுக்க இறுக்கு, குழாயை மெல்லத் திறந்து மேலிருந்து ஓடவிடு, உதறி நிழலில் காயவை, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்து. இறுக்காமல் கழுவினால் தண்ணீர் வாஷருக்குப் போகும், தளர்த்தாமல் வைத்தால் வாஷர் அமுங்கிப் போகும். பிரஷர் குழாய் வேண்டவே வேண்டாம், ஐபிஎக்ஸ்6 என்று எழுதியிருந்தாலும்.

ஸ்பூல்சித்தன்

உப்புக்காற்று சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சீல் லேசாகச் சுற்றுவதைப் பெரிய லாபமாகச் சொல்கிறார்கள். ஜிக் ரீலில் அது தெரியாது. அதில் ரப்பர் சீல் இருந்து கைக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தால் எனக்குச் சந்தோஷமே, நாமே கிரீஸ் போடலாம், சீலை மாற்றலாம். கரை செட்டுக்கு வேண்டுமானால் அவர் வாதம் செல்லும்.

டிராக் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘உச்சம் 20 கிலோ’ என்பது டிராக் குமிழை முழுக்கத் திருகியபோது வருவது. உங்களுக்கு வேண்டியது 5, 6 கிலோவில் துள்ளாமல் ஓடுவது. நரம்பு பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, தராசு மாட்டி, ராடை நேராக நீட்டிப் பிடித்து வையுங்கள். ராடு வளைந்ததும் கைடுகளின் உராய்வு அதோடு சேரும். மீன் ஓடி நரம்பு குறைந்தால் இன்னும் கூடும்: 60 மிமீ விட்டத்தில் 6 கிலோ வைத்தது, 45 மிமீக்கு இறங்கும்போது 8 கிலோ ஆகிவிடும். முக்கால்வாசி நரம்பை உருவிக்கொண்டு பாறைக்குப் போகும் பாரையை நிறுத்தக் குமிழைத் திருகுகிறவர்கள் அறுப்பது இங்கேதான்.

அலைவாய்க்கரை

கடைசியாக ஒன்று. நான் பார்த்த ரீலில் ‘பிஇ 4, 300 மீட்டர்’ என்று மட்டும் போட்டிருக்கு. பிஇ 3 எவ்வளவு பிடிக்கும்?

நீலத்தூண்டில்

சுலபம். பிஇ எண் நரம்பின் குறுக்குப் பரப்புக்கு நேர் விகிதம், அதனால் எண்ணையும் நீளத்தையும் பெருக்கினால் வருவது மாறாது. 4 × 300 = 1200. பிஇ 3 என்றால் 400 மீட்டர், பிஇ 6 என்றால் 200. அட்டையில் பவுண்டு மட்டும் போட்டிருந்தால் விட்டத்தைப் பாருங்கள்: பிஇ 3 சுமார் 0.285 மிமீ, பிஇ 4 சுமார் 0.33.

300 மீட்டர் பிஇ 3 வாங்கினால் 100 மீட்டர் இடம் மிஞ்சும், அடியில் நைலான் நரம்பைச் சுற்றி நிரப்புங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்டை (பின்னல் நரம்பு) கட்டினால் மொத்தக் கட்டும் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். விளிம்புக்குக் கீழே 2 மிமீ விட்டு நிறுத்துங்கள். சுற்றும்போது நரம்பை ஈரத்துணியில் பிடித்து ஒன்று, ஒன்றரை கிலோ இழுவை கொடுங்கள். இன்ஃபினிட்டி லூப் ரீல் வாங்கினால் இதில் சோம்பல் கூடாது.