இந்த பேப்பர்வெயிட் நிஜமாகவே பழைய பக்காராதானா?

பாரிஸில் இருக்கிற, பழம்பொருள் விவரம் தெரிந்த நண்பர்கள் யாராவது உதவ முடியுமா?

வான்வ் சந்தையில் ஒரு கண்ணாடி பேப்பர்வெயிட் வாங்கினேன். உள்ளே நெருக்கமாகப் பூப்பூவாக இருக்கிறது. பல நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாக உருக்கி, இழுத்து மெலிதாக்கி, குறுக்கே நறுக்கி அடுக்குவார்களே, அந்த வேலை. விற்றவர் பக்காரா என்ற பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனத்தின் வேலை என்று அடித்துச் சொன்னார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்!

லென்ஸில் பார்த்தால் ஓரத்துத் துண்டு ஒன்றில் ‘பி’ எழுத்தும் 1848-ம் தெரிகின்றன. வெள்ளைக் கம்பிகளுக்குள் சிவப்பு, நீலம், பச்சை இலக்கங்கள். பக்கத்திலேயே ஒரு குட்டி நாயின் நிழலுருவம். பக்காரா 1846 முதல் 1849 வரை இப்படி ஆண்டு பதித்தது என்பதால்தான் ஆசை விடவில்லை.

இத்தாலியில் வெனிஸ் பக்கத்து முரானோ தீவின் சோடாக் கண்ணாடிச் சரக்காக இருக்குமோ என்று தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தியைக் கணக்கிட்டேன். 3-ஐத் தாண்டுகிறது, சோடாக் கண்ணாடி என்றால் 2.5 பக்கம்தான் வரும். ஆக, பக்காராவைப் போலவே ஈயம் கலந்த கண்ணாடி. ஆனால் பக்காராவே 20-ஆம் நூற்றாண்டில் இதே பாணியில் மறுபடியும் செய்திருக்கிறது. அவற்றின் அடியில் முத்திரை இருக்கும். என்னுடையதில் இல்லை, ஆனால் அடிப்பாகம் சந்தேகப்படும்படி பளபளக்கிறது. முத்திரையைத் தேய்த்து எடுத்திருந்தால் தடயம் தெரியுமா?

மேல் வளைவில் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருக்கிறது. பாலிஷ் போட்டால் மதிப்பு குறையும் என்று ஒரு பயம், அதனால் கை வைக்கவில்லை. விட்டுவிடலாமா?

விலை பேசாமல் பார்த்துச் சொல்லக்கூடிய நிபுணர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அடிப்பாகப் படமும் இணைத்திருக்கிறேன்.