வீட்டிலிருந்தே விற்கும் வேலை: நாத்தனார் சொல்லும் கம்பெனியில் சேரவா, நைட்டி வாங்கி விற்கவா?

திண்டுக்கல்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 31. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், இரண்டாவது பையன் பிறந்ததும் ஷிப்டுக்குப் போக முடியாமல் நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் கொண்டுவருவதில் வாடகையும் சாப்பாடும் ஓடிவிடும், பெரியவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டும் மாதம் மட்டும் கம்மல் அடகுக்குப் போய்த் திரும்பும். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறதே, அதைத் தொடாமல் சேர்த்து வைத்ததில் 14,000 இருக்கிறது. அதுதான் என் முதல்.

நாத்தனார் ஒரு கம்பெனியில் இருக்கிறார். சத்துப் பவுடர், சோப்பு, பற்பசை எல்லாம் விற்பது. முதலில் 12,500 ரூபாய்க்குப் பொருள் எடுத்து ஐடி (உறுப்பினர் எண்) போட வேண்டுமாம், எனக்குக் கீழே வலது பக்கம் ஒருவர் இடது பக்கம் ஒருவர் சேர்த்துவிட்டால் அப்புறம் பணம் தானாக வரும் என்கிறார். அந்தப் பவுடர் சாப்பிட்டால் சுகர் மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்கிறார். வற்புறுத்தவில்லை, ஆனால் தினமும் போன் வருகிறது.

என் மனசில் இருப்பது வேறு. எங்கள் தெருவில் நாற்பது வீடு இருக்கும், பாதிப் பேர் மில்லுக்குப் போகிறவர்கள், துணி எடுக்க டவுனுக்குப் போக நேரமே கிடையாது. மொத்தமாக நைட்டி வாங்கி வந்து வீட்டில் வைத்து விற்கலாமா என்று யோசனை. இதற்கு லைசென்ஸ் ஏதாவது வாங்க வேண்டுமா? எவ்வளவு சரக்கு எடுப்பது? கடன் கேட்டால் கொடுக்கலாமா? இரண்டில் எதில் இறங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டு_அக்கா:

தங்கச்சி, ஒன்பது வருஷமாக நைட்டியும் புடவையும் வீட்டில் வைத்து விற்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், கம்பெனி விஷயம் மற்றவர்கள் சொல்லட்டும்.

14,000 முழுவதையும் சரக்கில் போடாதீர்கள். முதல் தடவை 25 நைட்டி போதும். நான் முதலில் செய்த தப்பு, ஒரே கடையில் 80 பீஸ் எடுத்ததுதான். கடைக்காரர் பீஸுக்கு எட்டு ரூபாய் குறைக்கிறேன் என்றார், அதில் மயங்கிவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி கருநீலமும் அரக்கும். முதல் வாரம் 30 ஓடியது, நான்காவது நாளே ஒரு அக்கா தன் மகளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். நைட்டியோடு சேர்த்து ஊறவைத்திருக்கிறார், சட்டை முதுகெல்லாம் நீலம். அவர் சத்தம் போடவில்லை, காட்டிவிட்டு நின்றார், அவ்வளவுதான். நைட்டிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து சட்டைக்கும் பணம் கொடுத்தேன். மிச்சம் 50 பீஸையும் சாயம் போகும் என்று சொல்லியே வாங்கின விலைக்குக் கீழே தள்ளினேன். அந்த அக்கா இன்றைக்கும் என்னிடம்தான் எடுக்கிறார்.

அன்றிலிருந்து எந்தப் புது ரகம் வந்தாலும் ஒன்றைப் பிரித்து ராத்திரி தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணியோடு ஊறவைத்துவிடுவேன். காலையில் துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தையலையும் அக்குள் பக்கம் இழுத்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் பிரியும். நீளமும் பாருங்கள், எக்ஸெல் என்று ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவில் தைக்கிறார்கள், இஞ்ச் டேப் இல்லாமல் சந்தைக்குப் போகாதீர்கள். 25 எடுத்தால் எக்ஸெல், டபுள் எக்ஸெல் இரண்டும்தான் அதிகம் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் பெண்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்தது நாலைந்து இருந்தால் அது நிற்கவே நிற்காது.

180-க்கு எடுத்ததை நான் 260-க்கு விற்கிறேன். பார்க்க 80 ரூபாய் லாபம் மாதிரி இருக்கும். பஸ் காசு, கவர், ஒன்றிரண்டு டேமேஜ் கழித்தால் 60 நிற்கும், அதுவும் கைக்காசுக்கு விற்றால். கடன்தான் இந்தத் தொழிலில் ஆளைச் சாய்ப்பது. கடனே கிடையாது என்றால் நம் தெருவில் வியாபாரம் நடக்காது, உண்மை. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: பாதிப் பணம் கையில், மீதி சம்பளத் தேதியில், பழைய பாக்கி முடியாமல் புதுசு கிடையாது, அது என் சொந்தச் சித்தி என்றாலும் சரி. நோட்டில் அவர்கள் கண் முன்னாலேயே எழுதுவேன், பணம் வாங்கியதும் அந்த வரியை அவர்கள் கையாலேயே அடித்துவிடச் சொல்வேன். யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

முன்னாள்_அப்லைன்:

உங்கள் நாத்தனார் மேல் எனக்குக் கோபம் இல்லை சகோதரி, ஏனென்றால் நாலு வருஷம் அப்லைனாக, அதாவது ஆட்களை எனக்குக் கீழே சேர்க்கிறவனாக, நானும் அப்படித்தான் பேசினேன், நம்பித்தான் பேசினேன். அவரும் நம்பித்தான் பேசுவார்.

அது எப்படி ஓடுகிறது என்றால், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பாயிண்ட். உங்களுக்குக் கீழே உள்ளவர்கள் எடுப்பதிலும் உங்களுக்குப் பங்கு. அந்தப் பங்கு வர வேண்டும் என்றால் மாதாமாதம் இவ்வளவுக்கு நீங்களே பொருள் எடுத்து ஐடியை ஆக்டிவாக வைத்திருக்க வேண்டும். பங்கு 900 வரும், அதைப் பிடிக்க 2,500-க்குப் பொருள் எடுப்பேன். எடுத்த பொருளை வெளியில் விற்க நேரம் ஏது, ஆள் பிடிக்கத்தான் நேரம் போகும். என் கட்டிலுக்குக் கீழே பதினோரு பெட்டி பற்பசை இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் நான் உட்கார்ந்த வரிசையிலிருந்து ஆட்கள் எழுந்து போவார்கள். வலது இடது என்று இரண்டு இரண்டாகப் போனால் பத்தாவது அடுக்கில் மட்டும் 1,024 பேர் வேண்டும், உங்கள் நாற்பது வீட்டுத் தெரு ஐந்தாவது அடுக்கு முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

சுகர் மாத்திரை விஷயம், தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை, என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடர் மட்டும் குடித்தார். ஒன்றரை மாதத்தில் காலில் புண், கட்டைவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை, "நீ நல்லதுக்குத்தான்ப்பா சொன்ன" என்றார். அன்றைக்கு ஐடியை விட்டேன். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதற்கு 1954-லேயே சட்டத்தில் தடை இருக்கிறது, எனக்கு அதெல்லாம் அப்புறம்தான் தெரியும். கம்பெனி தன் அட்டையில் அச்சடிக்கத் துணியாததை மீட்டிங்கில் நம் வாயால் சொல்ல வைக்கிறார்கள்.

சரி, எப்படித் தரம் பிரிப்பது? புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் பொருளை விற்று மட்டும் உங்களுக்கு வருமானம் வருமா என்று நாத்தனாரிடம் கேளுங்கள். அவருடைய ஆறு மாதக் கணக்கை, எடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நான் என் கணக்கை எழுதியது நாலு வருஷம் கழித்துத்தான்.

டப்பா_அக்கா_மதுரை:

மேலே தம்பி சொன்னது அவர் பட்டது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழில் மொத்தமும் அப்படி என்று ஆகிவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன். நானும் நேரடி விற்பனைதான், கடை இல்லாமல் ஆட்களிடம் நேராக விற்பது, சமையல் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும். பன்னிரண்டு வருஷம். எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. எனக்குக் கிடைக்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் என் சம்பாத்தியம், நல்ல மாதம் ஏழாயிரம், ஆடியில் ஆயிரத்தைத் தொடாது. ஆர்டர் வந்த பிறகுதான் பொருளே எடுப்பேன், என் வீட்டு அலமாரியில் காட்டுவதற்கென்று ஒரு செட் மட்டும் இருக்கும்.

2021 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென்று விதிகள் கொண்டுவந்தது. ஆளைச் சேர்த்தால் பணம் என்ற பிரமிடு முறைக்கு அதில் தடை. நம்மோடு கம்பெனி எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். நாமும் அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிக் கேட்காமல் ஒரு வீட்டுக்கு விற்கப் போகக் கூடாது. அதற்கு முன்னாலேயே, 2016-ல் வந்த வழிகாட்டுதலில், சேர்வதற்கென்று கட்டணம் கேட்கக் கூடாது, விற்க முடிகிற அளவுக்கு மேல் பொருளை நம் தலையில் கட்டக் கூடாது என்று இருக்கிறது. 12,500-க்கு எடுத்தால்தான் ஐடி என்பது எதில் சேரும் என்று நீங்களே பாருங்கள். விற்காத பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. வாங்கின பொருளில் தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

கணக்கு_பார்ப்பவன்:

லைசென்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் துணி விற்பதற்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பி விற்க ஆரம்பித்தால் அந்த வரம்பு பொருந்தாது, அப்போது கேட்டுக்கொண்டு செய்யுங்கள். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு செய்துகொள்ளலாம், ஆதாரும் பானும் போதும், அரசு தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதே மாதிரித் தோற்றத்தில் தளம் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. கம்பெனிக் கமிஷன் வாங்குபவர்களுக்கு, ஒரு வருஷத்தில் 20,000 தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டன் போட்டுத் திரும்ப வாங்கலாம், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. வியாபாரத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து அதற்கு மட்டும் ஜிபே ஸ்கேனர் எடுங்கள். வீட்டுக் கணக்கில் வந்து விழுந்தால் மளிகைக்குப் போனது எது, சரக்குப் பணம் எது என்று மூன்றாம் மாதமே குழம்பிவிடும்.

திண்டுக்கல்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். முன்னாள் அப்லைன் அண்ணன் எழுதியதை வாசிக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து போய் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். என் மாமியாருக்கு சுகர், அந்தப் பவுடர் டப்பா அங்கேயும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு வேளையைக் குறைத்திருக்கிறார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போயாகிவிட்டது.

நாத்தனாரிடம் கணக்கு கேட்டேன், சண்டையாகக் கேட்கவில்லை, எனக்குப் புரியவில்லை எழுதிக் காட்டுங்கள் என்றுதான் கேட்டேன். எழுதிக்கொண்டே வந்தவர் நான்காவது மாதத்தில் பேனாவை வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு நாளாகப் போன் இல்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நைட்டிதான் என்று முடிவு. ஐயாயிரம் மட்டும் போடுகிறேன். சரக்கு எங்கே எடுப்பது, ஈரோடா திருப்பூரா? சின்னாளப்பட்டி எனக்குப் பக்கம், அங்கே புடவை எடுக்கலாமா?

ஈரோட்டு_அக்கா:

புடவை இப்போது வேண்டாம், ஒரு புடவை விலையில் மூன்று நைட்டி வந்துவிடும். நைட்டி ஓடி, பணம் ஒரு சுற்று திரும்பி வந்ததும் சின்னாளப்பட்டியில் சுங்குடி நாலு எடுத்துப் பாருங்கள், பக்கத்து ஊர் என்பதால் விற்காததை மாற்றிக் கேட்பதும் சுலபம்.

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் ரகம், குழந்தைத் துணி நிறைய, நைட்டியும் கிடைக்கும். ஆனால் முதல் தடவை ஈரோட்டுக்கு வாங்க. பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட், வாரச்சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பித்து செவ்வாய் வரை நடக்கும். விடியற்காலையில் மொத்தமாக எடுப்பவர்கள் கூட்டம், அவர்கள் போன பிறகு ஏழெட்டு மணிக்கு வந்தால் 25 பீஸுக்கும் நின்று பேசுவார்கள். முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றுங்கள். நாலைந்து கடையில் ஐந்தைந்தாக எடுங்கள், எது ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு கடையிலும் அட்டை வாங்கி அந்தந்த நைட்டிக் கவருக்குள்ளேயே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை எந்தக் கடை என்று தேடி அலைவீர்கள்.

நாத்தனார் போன் பண்ணவில்லை என்றால் நீங்களே பண்ணுங்கள். சந்தைக்கு வரும்போது கூட்டி வந்தாலும் நல்லதுதான், இத்தனை நாள் ஆட்களிடம் பேசின வாய் அது, விற்பது அவருக்கு வராமல் இருக்காது. இஞ்ச் டேப்பும் இரண்டு பெரிய பையும் மறக்காதீர்கள். பையை அங்கே வாங்கினால் நூறு ரூபாய் கேட்பார்கள்.